பாலம் தாண்டும்போதே படபடப்பா?

வேலைக்குப் போக ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறுகிறீர்கள். காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நெருங்க நெருங்க வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு படபடக்கிறது. லீவு நாளில் அந்தத் தொந்தரவே இல்லை. அப்படியானால் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள். சூப்பர்வைசர் உங்களை எப்படி நடத்துகிறார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

திட்டு உடம்பிலும் விழும்

தினமும் நாலு பேர் முன்னால் வசவு வாங்குபவருக்கு, அடுத்தது எப்போது என்ற பயம் வீட்டுக்கு வந்தும் அடங்குவதில்லை. தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், தலைவலி, நெஞ்செரிச்சல் வரும். பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல வருடம் கவனித்த வைட்ஹால் ஆய்வின் 2005 முடிவு இது: வேலையிடத்தில் நியாயமாக நடத்தப்படுவதாகச் சொன்ன ஆண்களுக்கு இதயநோய் சுமார் 30 சதவீதம் குறைவு. வெறும் மாத்திரையோடு அனுப்புவது போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எது கண்டிப்பு, எது கொடுமை?

கணக்கு ஏன் உதைக்கிறது என்று கேட்பது வேலை வாங்குவது. வாடிக்கையாளர் முன் குடும்பத்தை இழுத்துப் பேசுவதும், பாத்ரூம் போக விடாததும் கொடுமை. கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டமே திருத்தியது. நாள் முழுக்க உட்காரவிடாமல் நிற்கவைக்க எந்த சூப்பர்வைசருக்கும் உரிமை இல்லை.

திண்டுக்கல்லில் மாறியது

2021 ஜனவரியில், திண்டுக்கல் பகுதி ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். அதுவரை வாய் திறக்காத சக தொழிலாளிகள் தாங்கள் பட்டதையும் சொன்னார்கள். பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்த ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுடன் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளும் பொறுப்பேற்றன. தொழிலாளிகளே ஆலைத் தளத்தில் கண்காணிக்கும் முறை வந்தது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்ற விதியும் வந்தது. இந்தக் கடைசி விதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்தப் புகார்ப் பெட்டியும் நிரம்பாது.

இன்றே தொடங்குங்கள்

தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் யார் என்று நோட்டில் எழுதுங்கள். பாலியல் தொல்லை என்றால் மூன்று மாதத்துக்குள் புகார் தரவேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அதை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம். சிறிய கடை, அல்லது முதலாளி மீதே புகார் என்றால் மாவட்ட உள்ளூர்க் குழு. மனம் தாங்காதபோது 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள்; இலவசம், தமிழிலும் பேசலாம். நெஞ்சை அழுத்தினால் டென்ஷன் என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரி போங்கள்.

வீட்டில் இருப்பவர்களே, 'எங்கே போனாலும் இப்படித்தான், பொறுத்துப் போ' என்று சொல்லிவிடாதீர்கள். இன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்த நோட்டை எடுத்துக் கொடுங்கள்.