விழுந்தால் உதவும் பேணி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தியத்தலாவை, படையினர் இளைப்பாற வந்த மலையூர். கடலே கண்ணில் படாத இங்கே பிரித்தானியக் கடற்படை நடத்திய ஓய்வு முகாமுக்கு ‘எச்.எம்.எஸ். ஊவா’ என்று கப்பல் பெயர்!

நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டதோ கீழே, உலர் வலயத்தில். 1945இல் மின்னேரியாவிலிருந்து கிளம்பிய பிரித்தானிய விமானப்படையின் 160ஆம் படையணி லிபரேட்டர்கள் சிங்கப்பூர்க் கடலில் கண்ணிவெடிகளைப் போட்டுத் திரும்பின. போகவர 3,000 மைலுக்கு மேல். வானில் 20 மணி நேரத்துக்கு மேல். இயந்திரம் நின்றால் இந்து சமுத்திரம், இல்லையேல் சுமாத்திராக் காடு.

விமானப்படை கொடுத்த தப்பிப்புப் பெட்டியில் ஹோர்லிக்ஸ் வில்லைகள், நீரைச் சுத்தமாக்கும் மாத்திரை, தண்ணீர் பிடிக்க ரப்பர்ப் பை, சிறு திசைகாட்டி எல்லாம் இருந்தன. பட்டுத் துணியில் அச்சிட்ட வரைபடமும் உண்டு. அது நனைந்தாலும் கிழியாது, விரித்தால் சரசரக்காது.

ஆனால் எரியும் விமானத்திலிருந்து குதிப்பவர் பெட்டியைத் தேடிக்கொண்டு நிற்க முடியுமா? அதனால் சிலர் புகையிலைப் பேணியொன்றில் தம் சொந்தச் சரக்கையும் சேர்த்தார்கள்: மெழுகில் தோய்த்த தீக்குச்சி, தூண்டில் முள், சவர அலகு, ஊசி நூல். கொழுந்தெடுக்கப் போகிறவர் மடியில் முடியும் வெற்றிலைப் பையைப் போல, உடம்போடு இருப்பதுதான் முக்கியம்.

போரின் கடைசிக் கட்டத்தில் தென்கிழக்காசிய விமானிகளுக்கு வந்த ‘பீடன்’ உடுப்பும் இதே யோசனைதான். காட்டுக் கத்தி முதல் மருந்து வரை வைக்க உடுப்பு முழுக்கப் பைகள்.