ஜாமீன் உத்தரவுக்கு எத்தனை நாள் பயணம்?

2021 ஜூலை 8 அன்று, ஆக்ரா மத்திய சிறையில் இருந்த 13 பேருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. குற்றம் நடந்தபோது அவர்கள் சிறார்கள். ஆனால் பல ஆண்டுகளாக உள்ளே கிடந்தார்கள். டெல்லியிலிருந்து ஆக்ரா சுமார் 200 கிலோமீட்டர்தான். ஆனாலும் சிறைக்கதவு உடனே திறக்கவில்லை. உத்தரவின் சான்றிட்ட நகல் தபாலில் வந்து சேரவில்லை என்று சொல்லப்பட்டது. சில நாட்கள் இப்படியே ஓடின. அன்றைய தலைமை நீதிபதி என்.வி.ரமணாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தக் காலத்திலும் உத்தரவைக் கொண்டுவரப் புறாவை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்கிறோமா என்ற பொருளில் கேட்டார்.

சிறை அதிகாரியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. யாரோ அச்செடுத்து நீட்டும் தாளை நம்பி கைதியை வெளியே விட்டு, நாளை அது போலி என்று தெரிந்தால் அவர் வேலைக்கே ஆபத்து. இது நீதிமன்றத்திலிருந்துதான் வந்தது, வழியில் யாரும் கைவைக்கவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? மின்னணு நீதிமன்றம் என்றதும் நமக்குக் காணொலித் திரைதான் நினைவுக்கு வருகிறது. அதன் உயிர்நாடி இருப்பதோ இந்தக் கேள்விக்கான பதிலில், அதாவது டிஜிட்டல் கையொப்பத்தில்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. பத்துப் பக்க உத்தரவை ஒரு கணித விதிக்குள் செலுத்தினால் சிறிய எழுத்துச்சரம் ஒன்று கிடைக்கும். எஸ்எச்ஏ-256 என்ற பரவலான விதியில் அதை 64 எழுத்துகளில் எழுதலாம். உத்தரவில் ஒரே ஒரு காற்புள்ளியை நீக்கிப் பாருங்கள், சரம் அடியோடு மாறிவிடும். இந்தச் சரத்தை, கையொப்பமிடுபவரிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் பூட்டி உத்தரவோடு அனுப்புகிறார்கள். பெறுபவரின் கணினி, எல்லோருக்கும் தெரிந்த பொதுச் சாவியால் அதைத் திறக்கும். வந்த கோப்பிலிருந்து தானும் ஒரு சரத்தைக் கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிடும். பொருந்தினால் உத்தரவு அசல். ரப்பர் ஸ்டாம்பை ஒருமுறை திருடியவன் எத்தனை தாளில் வேண்டுமானாலும் குத்தலாம். இங்கே ஒவ்வொரு கோப்புக்கும் முத்திரை வேறு. ஒன்றிலிருந்து பெயர்த்து இன்னொன்றில் ஒட்ட முடியாது.

ஆக்ரா சம்பவத்தை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்து விசாரித்தது. அதன் விளைவாக 2022 மார்ச் 31 அன்று ‘ஃபாஸ்டர்’ என்ற ஏற்பாடு தொடங்கியது. இப்படிக் கையொப்பமிட்ட உத்தரவு, சிறையிலும் உயர் நீதிமன்றத்திலும் அதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரிகளுக்கு, தனி மின்னஞ்சல் வழியே நேராகப் போய்விடும்.

இணையவழியில் வழக்கைத் தாக்கல் செய்யும் இ-ஃபைலிங்கும் இதே அடித்தளத்தில்தான் நிற்கிறது. காகித முறையில், பிராது, வக்காலத்து, ஆவணப் பட்டியல் எல்லாவற்றையும் நூல் கோத்துக் கட்டி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வழக்கறிஞரின் குமாஸ்தா கவுன்ட்டரில் நின்று கொடுப்பார். மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து இல்லை, கட்டணம் குறைகிறது என்று கட்டு ‘ரிட்டர்ன்’ ஆகும். சரிசெய்து மறுபடி கொடுக்க வேண்டும். இ-ஃபைலிங்கிலும் ரிட்டர்ன் ஒழியவில்லை. கோப்பை ஏற்றி, கட்டணத்தை இணையத்தில் கட்டி, யுஎஸ்பி டோக்கனாலோ ஆதார் ஓடிபி மூலமோ கையொப்பமிட்ட பிறகு, அந்தப்பக்கம் ஒரு நீதிமன்ற ஊழியர்தான் உட்கார்ந்து குறை பார்க்கிறார். ஆனால் எப்போது ஏற்றினோம், எப்போது திருப்பினார்கள் என்பது நாள், மணியோடு பதிவாகிவிடுகிறது. கட்டைக் காணோம் என்று சொல்லிவிட்டு நகர்வது இனி அத்தனை சுலபமல்ல.

எண் விழுந்ததும் வழக்குக்கு எழுத்தும் இலக்கமுமாக 16 குறிகள் கொண்ட சிஎன்ஆர் எண் கிடைக்கும். தமிழ்நாட்டு மாவட்ட நீதிமன்ற வழக்கு என்றால் முதல் இரண்டு எழுத்து ‘டிஎன்’. கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. இடையில் மாவட்டம், நீதிமன்றம், வரிசை எண். இதைக் கைபேசிச் செயலியில் தட்டினால் அடுத்த வாய்தா என்றைக்கு என்று கட்சிக்காரரே பார்த்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் இதற்குக் குமாஸ்தாவின் தயவு வேண்டும்.

வழக்கறிஞர்களின் மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் ஏற்றிய பிறகு அச்சுப்படியும் கொடு என்றால் வேலை இரட்டிப்புதானே? சர்வர் தொங்குகிற சிற்றூரில் இ-ஃபைலிங்கைக் கட்டாயம் ஆக்குவதை எதிர்த்து தமிழக வழக்கறிஞர்கள் போராடியதில் நியாயம் இருந்தது. நீதிமன்ற வளாகங்களில் உள்ள இ-சேவை மையங்கள் ஓரளவு கைகொடுக்கின்றன.

காணொலிக்கு வருவோம். அது கொரோனா காலத்தில் பிறந்தது என்பது பொதுவான எண்ணம். ஆனால் அமெரிக்காவில் இருந்த ஒரு மருத்துவர் சாட்சி சொல்ல இந்தியா வர மறுத்த வழக்கில், காணொலியில் சாட்சியம் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே (பிரபுல் தேசாய் வழக்கு) தீர்ப்பளித்துவிட்டது. அதே நீதிமன்றத்தின் 2020 ஏப்ரல் 6 உத்தரவு அதை நாடு முழுவதும் அன்றாட நடைமுறையாக்கியது. வாய்தா வாங்கவும், சட்ட நுணுக்கம் வாதிடவும் திரை தாராளமாகப் போதும். குறுக்கு விசாரணைதான் சிக்கல். சாட்சிக்குப் பின்னால் நின்று யாரோ சொல்லிக்கொடுத்தால் கேமராவுக்குத் தெரியாது. அதனால்தான் சாட்சி இருக்கும் இடத்தில் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். எதையெல்லாம் திரைக்கு விடக்கூடாது என்பதற்கு என் எல்லை சிங்கப்பூர். 2020 மே மாதம், போதைப்பொருள் வழக்கில் ஒரு மலேசியருக்கு ஜூம் வழியே மரண தண்டனை அறிவித்தார்கள். மேல்முறையீட்டில் 2022-ல் அவர் விடுதலையானார். அந்த மரண தண்டனையையாவது நேரில் நிறுத்திச் சொல்லியிருக்கலாம்.

இந்தியாவின் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் ரூ.7,210 கோடி ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் மிகப் பெரிய பங்கு, ரூ.2,000 கோடிக்கு மேல், கேமராவுக்கோ திரைக்கோ போகவில்லை. ஆவண அறைகளில் கிடக்கும் பழைய வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் வேலைக்கு அது. நூலை அவிழ்த்து, ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்து, ஒவ்வொன்றாக வைத்து எடுக்க வேண்டிய வேலை. அதற்குக் கைதான் வேண்டும்.