அடிபட்ட கோழி குழம்புக்குத்தானா?

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியபின் ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் வளாகங்கள் வரிசையாக வந்தன. இடையிலுள்ள ஊர்களில் கோழி வளர்ப்பு நின்றுவிடவில்லை. கோழி மேயும் இடம்தான் சுருங்கிவிட்டது. ஷிப்ட் பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் போகிற சாலையோரத்தில், தெருநாய்களுக்கு நடுவே அது கிளறித் தின்ன வேண்டியிருக்கிறது. அடிபட்டு வந்தால் வீட்டில் எழும் முதல் பேச்சு, "அறுத்துடலாம்". பெரும்பாலும் இது அவசர முடிவு என்பேன். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடுகிறது, அடைகாத்துக் குஞ்சும் வளர்த்துத் தருகிறது. அதைக் காப்பாற்ற ஆகும் செலவோ சொற்பம். பட்ட காயத்தைத் தாங்கிக்கொள்ளும் கோழிகூட அதற்கடுத்த இரண்டு நாள் கவனிப்பில்லாமல்தான் செத்துப்போகிறது.

அந்த இரண்டு நாளில் நடப்பது என்ன? ரத்தத்தைக் கண்டால் கூட்டாளிக் கோழிகளே கொத்தும். ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பயத்தில் ஒடுங்கிய கோழி தண்ணீர் குடிக்காது. ஆகவே முதல் மருந்து பஞ்சாரம்தான். இல்லாவிட்டால் காயலான் கடையில் கிடைக்கும் பெரிய அட்டைப்பெட்டி. நிழலும் அரையிருட்டும் ஈ புகாத வலையும் இருக்கட்டும். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்பதால் மழை இரவில் கதகதப்பும், சித்திரை வெயிலில் காற்றோட்டமும் அவசியம். தூக்கும்போது நெஞ்சை இறுக்கக் கூடாது: கோழிக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு வரும். அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாய் வாய் இருக்கிறது. அலகு நுனியை நனைத்தால் தானே குடிக்கும். நாய் கடித்த இடத்தில் இறகை விலக்கிப் பாருங்கள். மேலே சிறு துளையாகத் தெரிவது உள்ளே தோல் கிழிந்து பை போலத் திறந்திருக்கும். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு கலந்து கழுவலாம். காபித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் மூன்றும் வேண்டாம். இறக்கையின் மேலெலும்பு முறிந்து வெளியே தெரிந்தால் அதில் தண்ணீர் ஊற்றவே கூடாது. அந்த எலும்பு உள்ளீடற்றது, மூச்சுப் பைகளோடு தொடர்புள்ளது.

எளிய எலும்பு முறிவு சரியாகக் கட்டப்பட்டால் மூன்று வாரத்தில் கூடிவிடும். அதற்குள் மந்தையில் அதன் இடம் பறிபோயிருக்கும். கம்பிவலைக்கு இப்பால் சில நாள் வைத்துப் பழக்கிவிட்டுத் திறந்துவிடுவது நல்லது.

சாகப்போகும் கோழியை இப்போதே அறுத்தால் கறியாவது மிஞ்சும் என்பார்கள். நியாயமான கணக்கு. ஆனால் முதல் நாள் கவனிப்பில் மருந்தே இல்லை என்பதால் அந்த வழி உடனே அடைபட்டுவிடுவதில்லை. எழுந்து நிற்கிறதா, குடிக்கிறதா, கொண்டை சிவந்திருக்கிறதா என்று மறுநாள் பார்த்து முடிவு செய்யலாம். குடல் சரிந்திருந்தாலோ முதுகு ஒடிந்திருந்தாலோ வதைக்காமல் உடனே முடித்துவிடுவதே இரக்கம். வேறொரு சந்தேகமும் உண்டு. கால் இழுப்பது, கழுத்து திருகுவது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது எல்லாம் வெள்ளைக்கழிச்சலாகவும் இருக்கலாம். அப்படியானால் தனியே வைத்ததுதான் மற்றவற்றைக் காக்கும். அதைக் கொல்லையில் அறுத்து இறகையும் குடலையும் எறிந்தால் நோய் தெருவெங்கும் போகும்.

இதற்கெல்லாம் டாக்டர் எதற்கு என்று நினைத்து வீட்டில் மீந்த மாத்திரையைப் பொடித்துப் போடாதீர்கள். மனிதருக்கான சில மரப்பு களிம்புகள் பறவைக்கு நஞ்சு. அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கூடையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்து கொடுத்தால், முட்டையையும் கறியையும் எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.