கைக்கு எட்டிய மாத்திரை

முப்பது மாத்திரைகள் அடங்கிய பிளாஸ்டிக் டப்பா, பையில் கிடந்தால் நடக்கும்போது கலகலவென்று சத்தம் போடும். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அதனால் எச்.ஐ.வி.க்கு மருந்து வாங்கும் பெண்கள் சிலர் மையத்தை விட்டு வெளியே வந்ததும் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு டப்பாவை வீசிவிடுவதுண்டு. வீட்டில் அரிசிப் பானைக்குள்ளோ புடவை மடிப்புக்குள்ளோ அந்தப் பொட்டலம் ஒளிந்திருக்கும். மாமியார் கண்ணில் படாமல் எடுக்க முடிந்த நாளில் மருந்து உண்டு. முடியாத நாளில் இல்லை.

மருந்துக்கு இன்று பஞ்சமில்லை. 2004 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்தை இந்திய அரசு இலவசமாகத் தருகிறது. நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள். எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்தை அடுத்து நிற்கும் மாநிலம் ஆந்திரம். தொடக்கத்தில் காலையும் மாலையும் விழுங்க வேண்டியிருந்த மருந்து, இப்போது நாளுக்கு ஒரே மாத்திரையாகச் சுருங்கிவிட்டது. தவறாமல் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமியைச் சோதனையில் தென்படாத அளவுக்கு அடக்கலாம்; உடலுறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவவும் செய்யாது. அடிக்கடி விட்டுவிட்டால் கிருமி மருந்தைப் பழகிக்கொண்டு அதையே எதிர்த்து நிற்கக் கற்றுவிடும்.

அப்படியிருந்தும் ஏன் விடுகிறார்கள்? மருத்துவர்கள் நெடுங்காலமாக இதற்கு ‘அலட்சியம்’ என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி வந்தார்கள். ஆந்திரத்தின் தென்பகுதிக் கிராமங்களுக்குப் போய்க் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் வேறு.

அந்தப் பக்கத்துச் சித்தூரும் திருப்பதியும் தமிழருக்குத் தூரத்து ஊர்கள் அல்ல. 1911 வரை சித்தூர், வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. நகரி, புத்தூர், குப்பம் பக்கத்தில் ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும் புழங்கும். பெரிய நோய் என்றால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வண்டி ஏறுவது இங்கே பரம்பரை வழக்கம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதும் அந்த வேலூரில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் சி.எம்.சி.யில்தான் சோதிக்கப்பட்டன. திருப்பதியில் ரூயா என்று ஊரார் அழைக்கும் அரசு மருத்துவமனையில் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. ஆனாலும் தெரிந்த முகம் எதிரே வந்துவிடுமோ என்ற பயத்தில், பக்கத்து மையத்தை விட்டுவிட்டு அடுத்த மாவட்டத்துக்குப் பேருந்து ஏறுபவர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஒரு நாள் கூலி போகும், பேருந்துக் கட்டணம் தனி. ‘அலட்சியம்’ என்ற சொல்லுக்குள் இந்தக் கணக்கு எங்கே வருகிறது?

இந்த வட்டாரத்தை ஒட்டிய நெல்லூர், அதற்கு வடக்கே உள்ள பிரகாசம் ஆகிய மாவட்டங்களில்தான் ‘ஆஷா லைஃப்’ என்ற சோதனை நடந்தது. 2022-ல் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது பழைய நெல்லூரின் தென்பகுதியான சூலூர்பேட்டை, வெங்கடகிரி எல்லாம் அதில் சேர்ந்துவிட்டன. அமெரிக்காவில் செவிலியர் துறைப் பேராசிரியராக இருந்த அடலின் ந்யமதி, இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்தச் சோதனையை வடிவமைத்தார். அவர்கள் நம்பிய கருவி, கிராமத்து ஆஷா பணியாளர்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஆஷாவைக் கொஞ்சம் அறிமுகப்படுத்த வேண்டும். இங்கே கிராம சுகாதாரச் செவிலியர் பலமாக இருப்பதால், மலைப்பகுதிகளுக்கு வெளியே ஆஷாக்கள் அதிகம் இல்லை. 2005-ல் மத்திய அரசு தொடங்கிய இந்தத் திட்டத்தில் சுமார் ஆயிரம் பேருக்கு ஒருவர் வீதம், அந்த ஊரிலேயே குடியிருக்கும் ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்படுகிறார். கர்ப்பிணியைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவது, குழந்தைக்குத் தடுப்பூசி போட வைப்பது அவர் வேலை. அதனால் அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் யாரும் ‘ஏன்?’ என்று கேட்பதில்லை. வெள்ளை கோட்டுக்குக் கிடைக்காத சலுகை இது.

முதல் சோதனையில் எய்ட்ஸ் நோயாளிகளான 68 பெண்கள். ஒரு பாதிக்கு ஆஷா துணை, மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. ஆஷாவுக்கு எச்.ஐ.வி. பற்றித் தனிப்பயிற்சி கொடுத்தார்கள். அவர் வீட்டுக்குப் போய் மாத்திரை சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வரவில்லை. எது தடுத்தது என்று கேட்டார். தேவைப்பட்டால் மருத்துவமனைக்குத் துணையாகப் போனார். ஆறு வகுப்புகள் நடந்தன. நோய், மருந்து, ஊர்ப்பேச்சைத் தாங்குவது, பிள்ளை வளர்ப்பு, குறைந்த செலவில் சத்தான சமையல், கைத்தொழில் என்று பேச்சு போயிற்று. மாதந்தோறும் உளுந்தும் துவரம்பருப்பும் கொடுத்தார்கள்.

மருந்து ஆய்வில் பருப்பு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். உண்மையில் அந்தத் திட்டத்தின் மிகப் புத்திசாலித்தனமான பகுதி அதுதான். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும் என்று மாத்திரையைத் தள்ளிப்போடும் பெண், சோம்பேறி அல்ல; அவளுக்கு அன்று சோறு இல்லை. கணவன் வழியாக நோய் வந்து, கணவன் போனபின் புகுந்த வீட்டிலிருந்தும் துரத்தப்பட்டவளுக்கு ‘யாருக்காக உயிர் வாழணும்?’ என்ற கேள்வி மாத்திரைக்கு முன்னால் வந்து நிற்கும். மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கும், நினைவைக் குலைக்கும், நாளைக்கு என்று ஒன்று இருப்பதையே மறக்கடிக்கும். மாத்திரை என்பது நாளையை நம்புபவர் சாப்பிடும் பொருள். ஆகவே மனநலமும் மருந்து ஒழுங்கும் இங்கே இரண்டு தனித் தலைப்புகள் அல்ல.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆஷா துணை பெற்ற பெண்கள் மருந்தை ஒழுங்காக எடுப்பதில் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். தன்னைத் தானே வெறுக்கும் அவமான உணர்வும் குறைந்திருந்தது.

அடுத்து, அதே மாவட்டங்களில் 600 பெண்களோடு பெரிய சோதனை. இதில் நான்கு குழுக்கள்: ஆஷா மட்டும், ஆஷாவும் ஊட்டச்சத்துப் பாடமும், ஆஷாவும் சத்துணவும், மூன்றும் சேர்ந்தது. பெண்களைத் தனித்தனியாகச் சீட்டுப்போட்டுப் பிரிக்கவில்லை, ஆரம்ப சுகாதார நிலையங்களையே பிரித்தார்கள். காரணம் எளிது. ஒரே ஊரில் ஒருத்திக்குச் சத்துணவு, அடுத்த தெருக்காரிக்கு இல்லை என்று வைத்தால் இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள், கணக்கு குழம்பிவிடும். சத்து உதவி சேர்ந்த இடங்களில் பெண்களின் உடல்நிலை கூடுதலாகத் தேறியது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். எல்லாக் குழுவிலும் ஆஷா இருந்ததால், ஆஷாவே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்தப் பெரிய சோதனை பதில் தராது. அதற்கு 68 பேர் கொண்ட சிறிய சோதனையைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், மருந்து சாப்பிட்டதை எப்படி அளப்பது? மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணலாம். ஆனால் மையத்துக்குக் கிளம்பும் முன் பாக்கியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு நல்ல பெயர் வாங்குபவர்கள் உண்டு. இந்தத் தந்திரத்தைச் சென்னை அரை நூற்றாண்டுக்கு முன்பே அறிந்திருந்தது. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையத்தில் வாலஸ் ஃபாக்ஸ் குழுவினர், 193 நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியைக் குடிசை வீட்டிலேயும் வைத்துச் சிகிச்சை தந்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959-ல் உலகம் அறிந்தது. பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளிக்கு அருகே இருந்த ஆரோக்கியவரம் போன்ற பெரிய சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது அதிலிருந்துதான். அந்த ஆய்வில் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்து தெரிகிறதா என்றும் பார்த்தார்கள்.

ஃபாக்ஸின் ஆட்கள் போனது சரிபார்க்க. ஆஷா போவது அதற்காக மட்டும் அல்ல. காசநோய்க்குக் குறிப்பிட்ட காலச் சிகிச்சை போதும், எச்.ஐ.வி.க்கு ஆயுள் முழுக்க. ஆயுள் முழுக்க ஒருவரைக் காவல் காக்க யாராலும் முடியாது.

மருத்துவம் படிக்காதவர்களும் குறைந்த பயிற்சி உள்ளவர்களும் மனச்சோர்வைக் குறைக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கும் இப்போது சான்று சேர்ந்திருக்கிறது. கோவாவில் விக்ரம் பட்டேலின் ‘சங்கத்’ அமைப்பு, மருத்துவர் அல்லாத ஆலோசகர்களைக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 நோயாளிகளிடம் நடத்திய சோதனை 2017-ல் வெளியானது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா, பாட்டிமார்களை மருத்துவமனை வளாகத்து மரப்பெஞ்சில் உட்கார வைத்து நோயாளிகளோடு பேச வைத்தார். இரண்டிலும் நோயாளிகள் தேறினார்கள்.

சோதனை வெற்றி என்பது ஆய்வுக் கட்டுரை அச்சாவதோடு நிற்கலாம். மானியம் தீர்ந்தால் பருப்பும் தீரும். ஆந்திர அரசு, ஏ.ஆர்.டி. எடுப்பவர்களுக்கு 2024 முதல் மாதம் 4,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. பருப்புக்கு அது போதும். எச்.ஐ.வி. உள்ளவரை வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம். ஆனால் அந்தச் சட்டம் தனக்கு உண்டு என்று அந்தப் பெண்ணிடம் யார் சொல்வது? ஆஷாதான் சொல்ல வேண்டும். அவருக்கோ தடுப்பூசி, கர்ப்பிணிகள், காசநோய், கணக்கெடுப்பு என்று ஏற்கெனவே நீண்ட பட்டியல். ஆந்திரத்தில் அவருக்கு 2019-ல் அறிவித்த மாத ஊதியம் 10,000 ரூபாய். துயரத்தைக் கேட்பது இன்னொரு வேலையாகச் சேர்ந்தால் அதற்கு நேரமும் கூலியும் ஒதுக்க வேண்டும்.

எல்லைக்கு இந்தப் பக்கம், குப்பத்தை அடுத்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாசலுக்கே வருகிறது. கொண்டுவருபவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண். மாத்திரையைக் கொடுத்த கையோடு “சாப்பிடுறீங்களா?” என்பதற்கு அடுத்து “தூக்கம் வருதாம்மா?” என்று அவர் கேட்கப் பத்து நிமிடம் கிடைத்தால், நெல்லூரில் சோதித்ததை இங்கேயும் சோதித்துப் பார்க்கலாம்.