மகாராஜபுரம் சந்தானம் (1928–1992)

சிவன் கோயில் ஒலிபெருக்கியில் ‘போ சம்போ’ கேட்டிருப்பீர்கள். சுவாமி தயானந்த சரஸ்வதி இயற்றியது. ரேவதி ராகம், ஐந்தே சுரங்கள். கச்சேரி மேடையே பாராதவர்களிடமும் அதைக் கொண்டு சேர்த்தது சந்தானத்தின் கணீர்க் குரல்.

தந்தை விசுவநாத ஐயர் வழியாகத் தியாகராஜரின் சீடர் பரம்பரை. காஞ்சி காமகோடி பீடத்தின் ஆஸ்தான வித்வான். அந்த வகையில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் உரியவர். யாழ்ப்பாணத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி முதல்வராக இருந்தவர். 1989இல் சங்கீத கலாநிதி.

1992 ஜூன் 24 அன்று சாலை விபத்து அவரைப் பறித்தது. குரல் தளராத காலத்தில் நேர்ந்த அந்த இழப்பை ரசிகர்களால் தாங்க முடியவில்லை. சென்னை தியாகராய நகரில், கிருஷ்ண கான சபா அமைந்துள்ள சாலை இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.