எழுதுகோல் யார் கையில்?

எந்திரம் கதை எழுதுகிறதாம். இனி எழுத்தாளன் எதற்கு என்று கேட்கின்றனர் ஏளனக்காரர்.

ஜப்பானிலே ரியே குடான் என்றோர் எழுத்தாளர். 2024 சனவரியில் அவரது நாவல் அகுதாகவா பரிசு பெற்றது. நூற்றுக்கு ஐந்து பங்கு செயற்கை அறிவு தந்த சொற்கள் என்று அவரே கூறினார். மறைத்தாரில்லை! கதையிலே எந்திரம் பதில் பேசும் இடத்தில் எந்திரத்தையே பேசவிட்டார். கருவி அவர் கையில். அவர் கருவியின் கையில் அல்ல.

பாகூர் வயலில் அறுவடை எந்திரம் இறங்குகிறது. கதிர் அறுக்கும், களை பறித்தவள் முதுகுவலி அறியுமோ? அந்த வலியல்லவா கதை!

எந்திரம் கற்றது எவர் எழுத்தை? எழுதியவனுக்குக் கூலி உண்டா? அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் கேட்டனர். 2023-இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். எழுத்தாளன் எனும் பெயர் எந்திரத்துக்கு இல்லை என்று ஒப்பந்தம் கண்டனர்.

1936 சூலை 30-இல் புதுவை ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் குண்டடிபட்டு மாண்டனரே, எந்திரம் வேண்டாம் என்றா? இல்லை! எந்திரத்தின் முன் நிற்பவனுக்கு உரிமை வேண்டும் என்று!

வில்லியனூரில் கதை எழுதும் தம்பி! எந்திரத்தை வெறுக்காதே, தொழாதே. பயன்படுத்தினால் ஒளிக்காமல் சொல். பட்டவன் நீ, எழுத வேண்டியவனும் நீயே!