பேராதனையில் ஒரு பங்கசு ஆய்வாளர்

கடுகண்ணாவைக் கணவாய் ஏறிக் கண்டிக்குப் போகும் வழியில், மகாவலி வளைந்தோடும் இடத்தில் இருக்கிறது பேராதனைத் தாவரவியல் பூங்கா. 1905 இல் இங்கே அரச பங்கசு ஆய்வாளராக வந்து சேர்ந்தார் தொம் பெட்ச். 1870 இல் யோர்க்சயரில் பிறந்து ஆசிரியராக இருந்தவர்.

பங்கசு என்ன செய்யும் என்பதை மலைநாடு அதற்கு முன்பே அறிந்திருந்தது. 1869 இல் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களைச் சூறையாடியது. 1880 இல் வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், வித்திகள் காற்றில் வந்து இலையில் முளைத்து உள்ளே நுழைவதை நிறுவினார். காரணம் தெரிந்தும் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த நிலத்தில் தேயிலை வந்தது. தாழ்ந்த சரிவுகளில் இறப்பர் வந்தது. அவற்றுக்கு வரும் நோய்களே பெட்சின் வேலையாயின.

அவர் கூர்ந்து பார்த்தது வேர்நோய்களை. தேயிலைச் செடி ஒன்று திடீரென வாடும். பக்கத்துச் செடிகளும் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும். வேரின் பட்டையை உரித்தால் விசிறிபோல் விரிந்த வெண்படலம். முற்றிய இடத்தில் கரிபோன்ற கறுப்புப் பொருக்கு. தேடிப்போனால், வெட்டிய கிரெவில்லியா நிழல்மரத்தின் அடிக்கட்டை நடுவில் நிற்கும். அக்கட்டையில் பெருகிய பங்கசு, அதைத் தொடும் தேயிலை வேரின் வழியே பரவியிருக்கும். இறப்பரிலும் பல வேர்நோய்கள் காடழித்தபோது விட்டுவைத்த கட்டைகளிலிருந்தே தொடங்கின. எனவே செத்த செடியைப் பிடுங்கினால் மட்டும் போதாது, கட்டையையும் வேரோடு அகற்றவேண்டும். 1921 இல் இறப்பர் நோய்கள் பற்றியும் 1923 இல் தேயிலை நோய்கள் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் தோட்டத்துரைமார் கைகளில் புழங்கின.

கறையான் புற்றையும் அவர் விடவில்லை. புற்றுக்குள் கறையான்கள் வளர்க்கும் பங்கசுத் தோட்டத்தையும், அதில் குண்டூசித் தலையளவில் திரளும் வெண்மணிகளையும், புற்றுக்காளான் எழுவதையும் ஆராய்ந்து 1906 இல் விரிவாக எழுதினார்.

பூச்சிகளைக் கொல்லும் பங்கசுகள் மீது அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. செதிற்பூச்சிகளையும் வெள்ளை ஈக்களையும் தாக்கும் இனங்களை வகைப்படுத்தினார். அவற்றை வளர்த்துத் தெளித்தால் பூச்சித்தொல்லை தீரும் என்று பலர் நம்பிய காலம் அது. பெட்ச் உடன்படவில்லை. இந்தப் பங்கசுகள் தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. மழையும் ஈரமும் கூடினால் தாமே பெருகிப் பூச்சியைக் கொல்லும், வறட்சியில் எவ்வளவு தூவினாலும் பலிக்காது என்பது அவர் வாதம். 1925 இல் விவசாயத் திணைக்கள வெளியீடு ஒன்றில் இதை எழுதினார். மனத்துக்குப் பிடித்த உயிரினத்தைப் பற்றியே இப்படிச் சொல்ல நேர்மை வேண்டும். 1980களில் இங்கிலாந்தில் இத்தகைய பங்கசு ஒன்று அசுவினிக்கு எதிராக விற்பனைக்கு வந்தது. அது பயன்பட்டது கண்ணாடிக் குடில்களில். அங்கே ஈரம் மனிதர் கட்டுப்பாட்டில் இருந்தது.

1925 இல் புதிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளரான பெட்ச், 1928 இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். அங்கும் பூச்சிப் பங்கசுகளையே தொடர்ந்து ஆராய்ந்தார். 1948 இல் காலமானார். இலங்கைப் பங்கசுகளை எல்லாம் தொகுத்த அவரது நூல், பங்கசு ஆய்வாளர் பிஸ்பியின் துணையுடன் 1950 இல் வெளியானது.